மிளகுபுரிக்குப் புது ராஜா

களத்து மணி விடாமல் அடித்தது. காலை ஏழுக்கும் மாலை நாலரைக்கும் மட்டுமே அடிக்கிற மணி அது. இப்போது நேரம் பத்தரை.

எஸ்டேட் ரைட்டர் சிங்கராயர் பாதிக் காபியை அப்படியே வைத்துவிட்டு ஆபீசிலிருந்து ஓடினார். காபிப் பழம் பறிக்கப் போன பெண்கள் எல்லோரும் இடுப்பில் கூடையோடு களத்தில் நின்றார்கள். மணிக்கயிறு அவர்களில் ஒருத்தியான கண்ணாயியின் கையில்.

"யாருக்கு என்னாச்சு? பாம்பு கீம்பு கடிச்சிருச்சா?"

"பாம்பெல்லாம் இல்லீங்க." ஒரு தாளை நீட்டினாள். "எஸ்டேட்ட விக்கறீங்களாமே? எம் பையன் படிச்சுச் சொன்னான்."

சிங்கராயருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தாளின் ஒரு பக்கம் எஸ்டேட் முத்திரை. மறுபக்கம் பென்சிலால் கொட்டை எழுத்தில் 'மிளகுபுரி முரசு'. அதன் கீழே, 'அணில் மந்திரிக்குப் பல்வலி.' 'நத்தை பஸ் அடிவாரத்தில் பஞ்சர். பயணிகள் இறங்கித் தள்ளினர்.' கடைசியில் நீல மையில் ஒரு செய்தி: 'ராஜா ராஜ்ஜியத்தை விற்கிறார். பொங்கலுக்குப் பிறகு புது ராஜா. பழைய அணில்கள் வேறு மரம் பார்த்துக்கொள்ளவும்.'

ராஜா யார்? அணில்கள் யார்? மறுபடியும் படித்தார். மறுபடியும் குழம்பினார்.

"இது எங்கே கிடைச்சுது?"

"உங்க ஊட்டுலதான். தேவகுமாரி எல்லாப் பசங்களுக்கும் ஆளுக்கொண்ணு குடுத்துச்சாம்."

அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. ஆபீசில் கழித்துப் போட்ட தாள்களைப் பத்து வயது மகள் கெஞ்சி வாங்கிப் போனது இதற்குத்தான். சிரிப்பு வந்துவிட்டது.

"அட, புள்ளைங்க விளையாட்டுக்குப் போட்ட பேப்பரு! நத்தை எங்கயாச்சும் பஸ் ஓட்டுமா?"

"ஏன், நம்ம வாழவந்தி பஸ் எப்படி வருதாம்?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். கண்ணாயி மட்டும் சிரிக்கவில்லை. ரோட்டில் ஹாரன் கேட்டது. மஞ்சக்குட்டை எஸ்டேட் ஜீப். அங்கே குடியிருக்க வீடும் கொடுத்து இவர்களை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். இன்றே கடைசி நாள்.

"ஏனுங்க ரைட்டரய்யா, இப்ப உட்டா அங்க எடம் இல்லீங்க. விக்கறாங்கன்னா இப்பவே ஏறிக்கறோம். இல்லேன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா இங்கயே இருந்துக்கறோம்."

"மாதா சத்தியமா இல்ல. வித்தா எனக்குத் தெரியாமயா விப்பாங்க?"

கண்ணாயி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு மணிக்கயிற்றை விட்டுவிட்டு, ரோட்டைப் பார்த்து வேண்டாமென்று கையசைத்தாள். ஜீப் திரும்பிப் பனிமூட்டத்துக்குள் போயிற்று. கூடைகள் மறுபடி தோட்டத்துக்குள் இறங்கின.

சிங்கராயர் தாளை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தேவகுமாரி தரையில் குப்புறப் படுத்து, அடுத்த இதழுக்கு நத்தை பஸ் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"நொம்ப நல்லாத்தான் பேப்பர் நடத்தறே, கண்ணு! ராஜா விக்கறாருன்னு எதுக்கு எழுதினே? ஊரே கலங்கிப் போச்சு."

தேவகுமாரி பென்சிலை வாயிலிருந்து எடுத்தாள்.

"அது மட்டும் நான் எழுதலப்பா. லீவுக்கு வந்திருக்கற மொதலாளி பொண்ணு எழுதுச்சு, அவங்கப்பா போன்ல பேசினதக் கேட்டுட்டு வந்து."