கழுத்துக்குக் கீழே

"இன்னும் கொஞ்சம் தூக்கிக் கட்டுங்க அண்ணாச்சி, அப்பா காலு ரோட்டுல முட்டுதுல்லா" என்று ஜெசி கீழே நின்று சத்தம் கொடுக்க, பிளக்ஸ் கடை மணிராஜ் ஏணியில் நின்று பேனரின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ரயிலடியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கிய கிங்ஸ்டன், ஒரு கையில் பெட்டியும் மறு கையில் தூக்கம் கலையாத மகள் கெசியாவுமாக அதை அண்ணாந்து பார்த்தான். பின்னால் மனைவி டார்லின் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கழுத்துக்கு மேலே அப்பா. கழுத்துக்குக் கீழே அவன்.

சந்தேகமே வேண்டாம். அந்த நீல ஜெர்கின் அவனுடையது. கையில் இருந்த வாட்ச் கல்யாண நாளுக்கு டார்லின் வாங்கிக் கொடுத்தது. பின்னால் பாரிஸின் இரும்புக் கோபுரம் முழுசாக நின்றது. படத்திலிருந்து டார்லினை வெட்டி எடுத்த மணிராஜ், அவள் கையை எடுக்க மறந்துவிட்டார். நகச்சாயம் பூசிய நாலு விரல்கள் அப்பாவின் தோளைப் பற்றிக்கொண்டிருந்தன. கீழே, 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். திரு. அப்பாத்துரை, ஓய்வுபெற்ற தபால் அதிகாரி, வயது 74' என்று எழுதியிருந்தது.

ஜெசி ஓடிவந்து தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நேத்து சாயங்காலம் காப்பி குடிச்சுட்டு தம்ளரக் கீழ வச்சாவ. நான் அடுப்பாங்கரைக்குப் போயிட்டுத் திரும்புததுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சுலே." மூக்கைத் துடைத்துக்கொண்டு பிளக்ஸைக் காட்டினாள். "நல்லா இருக்கா? அப்பா யூரோப்ல நின்ன படம் எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல. நீ குரூப்ல போட்டதுல எல்லாம் நீயும் டார்லினும்தான் இருக்கிய. அதான் அண்ணாச்சிகிட்ட சொல்லி ஒட்டிட்டேன். ஒன் போன்ல அப்பா படம் இருக்கும்லா?"

"இருக்கும்" என்றான் கிங்ஸ்டன். "தேடணும்."

தேட ஒன்றுமில்லை. அந்தப் பயணத்தில் எடுத்த ஆயிரத்து நானூறு படங்களும் அவனுக்கு மனப்பாடம். சென்னை விமான நிலையத்தில் பெட்டிகளோடு எடுத்த ஒன்றைத் தவிர அப்பா எதிலும் இல்லை.

எப்படி இருப்பார்? இரண்டு வருடம் முன்பு, "அப்பா, ஒங்களுக்கு யூரோப் காட்டப் போறேன்" என்று போனில் சொன்னபோது அவர் முதலில் டிக்கெட் விலையைத்தான் கேட்டார். பிறகு, "எனக்கு எதுக்குய்யா அவ்வளவு செலவு" என்றார். டிக்கெட் போடுவதற்கு முந்தின நாள் டார்லின் சொன்னதும், இவன் தலையாட்டியதும் அவருக்குத் தெரியாது. "மாமா வந்தா கெசியாவப் பாத்துக்கிடுவாங்க. இல்லன்னா நாலு வயசுப் பிள்ளைய இடுக்கிக்கிட்டு நாம எங்க சுத்த?"

பாரிஸில் முதல் நாளே பிள்ளைக்குக் காய்ச்சல். "நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று அப்பாதான் சொன்னார். மறுநாள் காய்ச்சல் இல்லை, ஆனால் குளிர் இருந்தது. அதற்கு மறுநாள் வரிசை நீளம், பிள்ளை அழும் என்றார்கள். நான்காம் நாளிலிருந்து யாரும் காரணம் சொல்லவில்லை. ஏழு நாடு, பதினெட்டு நாள். ஒவ்வொரு ஊரிலும் அவர் ஓட்டல் அறைக் கதவைத் திறந்து, "என்னய்யா, நல்லாப் பாத்தியளா?" என்று கேட்டார். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போனை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளுவார். "இது எந்த ஆறு? இந்தப் பாலத்துக்குப் பேரு என்ன?" என்று கேட்டு, ஓட்டல்காரன் வைத்திருந்த சின்னத் தாளில் குறித்துக்கொள்வார். "எல்லாம் கூகுள்ல இருக்குப்பா, ஆள விடுங்க" என்று இவன் போர்வையை இழுத்து மூடிக்கொள்வான்.

அந்தத் தாள்களை அவர் என்ன செய்தார் என்பது இப்போதுதான் தெரியவந்தது.

கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்த இன்பமணி டீச்சர் அவன் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். சபையில் பாதிப் பேருக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவர். துக்க வீட்டிலும் குரல் தாழாது.

"கோயில்ல அசனப் பண்டிகை சாப்பாடு முடிஞ்ச மறுநாளு சபை மண்டபத்துல திரை கட்டி, நீ அனுப்புன படத்தை எல்லாம் போட்டு ஒங்கப்பா பேசுனாவ பாரு, ரெண்டு மணி நேரம் ஒரு பய எந்திரிக்கல. அந்த ஊர் ஆறு நம்ம தாமிரபரணியில பாதிகூட வராதாம், ஆனா கரையில ஒரு குப்பை கெடையாதாம். எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. படத்துல இல்லாததையும் சொன்னாவ. நீங்க தங்குன எடத்துக்கு எதுத்தாப்ல ஒரு ரொட்டிக்கடையாமே? விடியுததுக்கு முன்ன ஒரு கெழவன் நாயக் கூட்டிட்டு வந்து நிப்பானாம். ரொட்டிய வாங்கி மொதத் துண்டு நாய்க்கு, பொறவுதான் அவனுக்கு. அப்பொறம் அந்த மலைநாட்டுல புல்லு அறுக்குத பொம்பள, மாட்டு கழுத்துல செம்பு அளவு மணி... எனக்கு அந்தக் கோபுரம் எல்லாம் மறந்துபோச்சு, அந்த நாயி மறக்கல."

கிங்ஸ்டன் அப்படி ஒரு ரொட்டிக்கடையைப் பார்த்ததே இல்லை. அந்த ஓட்டலுக்கு எதிரில் என்ன இருந்தது என்று கேட்டால்கூட அவனுக்குச் சொல்லத் தெரியாது. ஜன்னலோரம் நாற்காலி போட்டு, தூங்குகிற பிள்ளையை மடியில் வைத்திருந்தவருக்குத்தான் தெரியும்.

"அந்தக் கோபுரத்து மேல நின்னப்ப தல சுத்திட்டாமே அவியளுக்கு?" டீச்சர் அவன் கையைத் தட்டினார். "எம்மவன் கையப் புடிச்சுக்கிட்டான், இல்லன்னா விழுந்திருப்பேன்னாவ. சொல்லும்போது கண்ணு கலங்கிட்டு. குடுத்து வச்ச மனுசன்லே. நீ செஞ்சத எவன் செய்வான்?"

கிங்ஸ்டனுக்குக் காது மடல் சுட்டது. "டீச்சர், காப்பி குடிச்சியளா?" என்று சம்பந்தமில்லாமல் கேட்டுவிட்டு எழுந்தான்.

வாசலில் கெசியா பிளக்ஸுக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் நாற்காலிகளில் பத்துப் பேர் இருந்தார்கள். "அப்பா, தாத்தா ஏன் உன் டிரஸ்ஸப் போட்டிருக்காங்க? தாத்தா அங்க வரவே இல்லையே. நானும் தாத்தாவும் ரூம்ல..."

அவளை அள்ளிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனான். துணி துவைக்கிற கல்லில் உட்கார வைத்து, தோளை இறுக்கிப் பிடித்தான். "அப்படிச் சொல்லக் கூடாது. யார் கேட்டாலும் தாத்தாவும் வந்தாங்க, எல்லாத்தையும் பாத்தாங்கன்னு சொல்லணும். சரியா?"

"ஆனா வரலையே."

"சரியான்னு கேட்டேன்." பிடி இறுகியதில் அவள் உதடு கோணியது. தலையை ஆட்டினாள். தண்ணீர் எடுக்க வந்த டார்லின் இதைப் பார்த்துவிட்டுச் சொம்போடு அப்படியே திரும்பிப் போனாள். தன்னைக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது கிங்ஸ்டனுக்கு.

மூன்று மணிக்கு ஜெசி ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். அடக்க ஆராதனையில் வாசிக்க வேண்டிய வாழ்க்கைக் குறிப்பு. "மகன்தான் வாசிக்கணும். ஒரு தடவ பாத்துக்கோ."

பிறந்தது, படித்தது, கல்லிடைக்குறிச்சியில் வேலைக்குச் சேர்ந்தது, அம்மாவைக் கட்டியது, அவளைப் பறிகொடுத்தது எல்லாம் ஜெசியின் குண்டுக் கையெழுத்தில் வரிசையாக இருந்தன. கடைசிக்கு முந்தின வரி: 'விளையாட்டுக்கும் பொய் பேசாதவர்.' கடைசி வரி: 'அன்பு மகனோடு ஏழு நாடுகளைக் கண்ணாரக் கண்டு மகிழ்ந்தார்.'

"அக்கா, இந்தக் கடைசி வரி வேண்டாமே."

"ஏன்?"

"வேண்டாம். நானே என்னயப் பெருமையடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு."

ஜெசி அவனை உற்றுப் பார்த்தாள். "நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. ஒண்ணரை வருசமா நீ இந்த வீட்டு வாசல மிதிக்கல. மாசம் ஒரு தடவ அஞ்சு நிமிசம் போன். எனக்கு வயிறு எரியும். ஒரு நாளு ஒன்னயக் கண்டபடி ஏசிட்டேன். அப்பா என்ன சொன்னாவ தெரியுமா? 'ஏசாத. உலகத்தையே காட்டிட்டான் எனக்கு.' அதோட என் வாய அடைச்சிட்டாவ. இந்த ஒரு வரியினாலதான்ல நான் இன்னைக்கு ஒன் மூஞ்சியப் பாத்துப் பேசிட்டு இருக்கேன். அத எடுக்கச் சொல்லுதியே?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான். சொன்னால் இன்றைக்கே, பெட்டி வீட்டை விட்டுப் போவதற்கு முன்பே, அப்பா பொய்யராகிவிடுவார். எழுபத்து நாலு வருடத்தில் அவர் சொன்ன ஒரே பொய். அதுவும் யாருக்காக? சொல்லாவிட்டால் தான் அன்பு மகனாகவே இருந்துவிடலாம். எது அப்பாவுக்காக, எது தனக்காக என்று பிரித்துப் பார்க்கவும் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"சரி, இருக்கட்டும்" என்றான்.

ஆலயத்தில் நாற்காலி போதாமல் வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். போதகர் ஐயா அழைத்ததும் கிங்ஸ்டன் போய் மைக்கைப் பிடித்தான். வேலைக்குச் சேர்ந்த வருடம்வரை நன்றாகவே வாசித்தான். 'விளையாட்டுக்கும் பொய் பேசாதவர்' என்ற வரியை வேகமாகத் தாண்டினான். அடுத்த வரியைத் தொட்டதும் குரல் வரவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தான். கோட்டும் டையும் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். இரண்டாவது முறையும் 'அன்பு மகனோடு' என்பதற்கு மேல் ஓடவில்லை. மூன்றாவது முறை முழுசாக வாசித்து முடித்தான்.

"பாவம், தகப்பன் மேல எவ்வளவு பாசம் பாரு" என்று முன் வரிசையில் யாரோ சொன்னது மைக் வரைக்கும் கேட்டது. பெண்கள் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம் பரவியது. ஜெசி எழுந்துவந்து எல்லோரும் பார்க்க அவன் முதுகைத் தடவிக்கொடுத்து அழைத்துப் போனாள். ஒருவேளை யாராவது எழுந்து அவனைச் செருப்பால் அடித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கி, எல்லோரும் ஒவ்வொரு கைப்பிடி மண் போட்டார்கள். கிங்ஸ்டன் போட்டுவிட்டு ஒதுங்கி நின்று கையைத் தட்டிக்கொண்டிருந்தான். நாலடி தள்ளி, இன்பமணி டீச்சர் கெசியாவின் கையில் ஒட்டியிருந்த மண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை அழாமல் இருக்கட்டும் என்று பேச்சுக் கொடுத்தார்.

"நீயும் தாத்தா கூட அந்தக் கோபுரத்து மேல ஏறுனியா கண்ணு?"

கெசியா திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். டீச்சர் விடவில்லை.

"மேல இருந்து பாத்தா என்னல்லாம் தெரிஞ்சுது?"

பிள்ளை யோசித்தாள். "நிறைய வீடு. அப்புறம் ஒரு பச்சைக் கலர் பஸ்ஸு. தாத்தா அதுக்கு டாட்டா காட்டினாங்க."

"அப்படியா என் ராசாத்தி!" டீச்சர் அவள் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தார்.

டீச்சரின் தோளுக்கு மேலாகக் கெசியா மறுபடியும் கிங்ஸ்டனைப் பார்த்தாள். சரியாகச் சொன்னோமா என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவன் தலையை ஆட்டினான்.