சிவப்பு மட்டும் வேண்டாம்

நர்ஸ் கொடுத்த தாளில் பதினொரு விஷயங்கள் அச்சடித்திருந்தன. பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்து கீரை, விதையுள்ள பழம் கூடாது. முந்தின நாள் முழுக்கத் தெளிவான நீராகாரம் மட்டும். மாலை ஆறு மணிக்கு ஒரு லிட்டர் பேதி மருந்து, மறுநாள் விடியற்காலையில் இன்னொரு லிட்டர். அவள் பேனாவால் ஒவ்வொன்றாகத் தட்டிச் சொல்லிக்கொண்டே வந்து, ஏழாவதில் நின்றாள்.

"ஜூஸ், டீ எது வேணாலும் வடிகட்டிக் குடிக்கலாம்மா. செவப்பு மட்டும் வேணாம். குடல்ல ஒட்டிக்கும். கேமரால பாக்கறப்ப ரத்தம்னு நெனச்சிருவாங்க."

நான் தலையாட்டினேன். எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு.

குடிநீர் வாரியத்தில் புகார் எடுக்கிறவள் நான். இருபத்தாறு வருஷமாகப் போனை எடுத்ததும் இரண்டே கேள்விதான் கேட்கிறேன். எப்போதிலிருந்து? என்ன நிறம்? குழாயில் பழுப்புத் தண்ணீர் வந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். "தானா சரியாயிடும்னு விட்டுட்டோம் மேடம்" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் எழுதவே ஆரம்பிப்பேன். அப்படிப்பட்ட மகராசி என் வயிற்றுக் கோளாறை மட்டும் எட்டு மாதம் மூடி மறைத்திருந்தேன். இரண்டு நாள் கல்லாக இருக்கும், மூன்றாம் நாள் ஓட விடும். அதுவாகச் சரியாகிவிடும் என்றுதான் நானும் இருந்தேன்.

நர்ஸ் நீட்டிய படிவத்தில், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா என்று ஒரு கேள்வி. கொஞ்சமும் யோசிக்காமல் 'இல்லை' என்று எழுதினேன். பச்சைப் பொய்.

அப்பா கலர் சோடா கம்பெனியில் சிரப்பு கலக்குகிறவர். ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கலர் பாட்டில்கள் அங்கே தயாராகும். சிவப்பு அப்பாவின் பொறுப்பு. பெரிய எவர்சில்வர் தொட்டிமுன் முக்காலி போட்டு நின்று, நீளத் துடுப்பால் கிண்டுவார். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு டம்ளர் ருசி பார்த்தே ஆக வேண்டும். ஒரு நாளைக்கு எட்டுத் தொட்டி. அவர் விரல்கள், உதடு, கைக்குட்டை எல்லாமே சிவப்பு. சாயங்காலம் அவர் சைக்கிளை நிறுத்தும்போதே எசன்ஸ் வாசனை முன்னறை வரை வந்துவிடும். நானும் அக்காவும் ஓடிப் போய் அவர் கையை முகர்ந்து பார்ப்போம். இன்று எந்தக் கடையில் அந்த வாசனை வந்தாலும் எனக்கு ஒன்பது வயதாகிவிடுகிறது.

அந்த ஒன்பது வயதில்தான் அதைப் பார்த்தேன். அவர் வெளியே வந்ததும் நான் கழிவறைக்குள் ஓடினேன். அவசரத்தில் அவர் சரியாகத் தண்ணீர் ஊற்றியிருக்கவில்லை. நான் கத்துவதற்குள் வாசலில் வந்து நின்று சிரித்தார்.

"சாயம்தான் கண்ணு. நாள் பூரா அதத்தானே குடிக்கிறேன், வேற என்ன கலர்ல வரும்? அம்மாகிட்ட சொல்லாத, வேலைய விடச் சொல்லிருவா."

மறுநாள் எனக்கென்று தனியாக ஒரு சிவப்புக் கலர் பாட்டில் வந்தது. மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, ஒரு மணி நேரம் உறிஞ்சினேன். அவ்வளவு பெருமை எனக்கு. அப்பாவும் நானும் மட்டும் அறிந்த ரகசியம்!

இரண்டு வருஷம் கழித்து அவர் இறந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் அம்மாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ரெண்டு வருஷம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா சின்ன விஷயம்மா." பதினோரு வயதில் எனக்குக் கழித்தல் கணக்கு நன்றாகவே வரும்.

பரிசோதனைக்கு முந்தின நாள் துணைக்கு அக்கா வந்தாள். என் வீட்டுக்காரர் ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிறவர், அவரை அழைத்துப் போனால் இரண்டு கட்டில் கேட்க வேண்டும். அக்கா மெலிந்திருந்தாள். மாடிப்படி ஏறியதற்கே மூச்சு வாங்கினாள். "ரத்தம் கம்மியாம், இரும்புச்சத்து மாத்திர குடுத்திருக்காங்க" என்று உட்கார்ந்தாள்.

பேதி மருந்து உப்புத் தண்ணீரில் எலுமிச்சையைக் காட்டிவிட்டு எடுத்தது போலிருந்தது. கால் மணிக்கு ஒரு டம்ளர். அக்கா கடிகாரத்தை வைத்துக்கொண்டு மிரட்டினாள்.

"மூக்கப் பிடிச்சுக்கிட்டு குடிடி. சின்னப் பிள்ளையில வெளக்கெண்ணெய்க்கு வீட்டையே ரெண்டாக்குவ, இப்பவும் அப்படியேதான் இருக்க."

"நீ குடிச்சுப் பாரு, தெரியும்."

"எனக்கென்ன தலையெழுத்தா?"

முக்கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு குழாய் திறந்தது. அதற்குப் பிறகு நான் கழிவறையைவிட்டு வந்ததாகவே நினைவில்லை. அக்கா கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேச்சுத்துணை கொடுத்தாள். அப்பா சைக்கிளில் முன்னால் என்னையும் பின்னால் அவளையும் ஏற்றிக்கொண்டு போய் மூவரும் சாக்கடையில் விழுந்த கதை. அம்மா அவருடைய சட்டைகளை மட்டும் தனி வாளியில் ஊற வைத்த கதை. உள்ளே நானும் வெளியே அவளும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும், எதற்கென்றே தெரியாமல் வாயைத் திறந்துவிட்டேன். கதவு நடுவில் இருந்ததால் முடிந்தது. முகத்தைப் பார்த்துக்கொண்டு இந்த ஜென்மத்தில் சொல்லியிருக்க மாட்டேன்.

"அக்கா, அப்பாவுக்கு ரத்தம் போனத நான் பாத்தேன். ஒம்போது வயசுல. சாயம்னு சொன்னாரு. ஒரு பாட்டில் கலருக்கு வாய மூடிக்கிட்டேன்."

வெளியே நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்து போய்விட்டாளோ என்று நினைத்தேன்.

"எனக்கு ரெண்டு பாட்டில்" என்றாள் அக்கா. "நான் பெரியவ இல்ல?"

"நீயுமா?"

"அம்மாவும்தான். துணி தொவச்சவளுக்குத் தெரியாதா? கடைசி காலத்துல எங்கிட்ட சொல்லி அழுதா. பிள்ளைங்க பயந்துரும்னு அவகிட்டயும் சத்தியம் வாங்கியிருக்காரு."

நாற்பது வருஷமாக நான் ஒருத்தியே சுமந்ததாக நினைத்த பாரம். ஒரே வீட்டில் மூன்று பேர் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு, ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம். நான் அழுதேன். அப்பாவின் மீது முதன்முறையாகக் கோபம் வந்தது. கோபத்தோடு சேர்ந்து அந்தக் கையை ஒருமுறை முகர வேண்டும் போலவும் இருந்தது.

காலையில் ஆஸ்பத்திரி. பின்பக்கம் திறந்த அங்கி, கையில் ஊசி. இடது பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுக்கச் சொன்னார்கள். படிவத்தில் எழுதியது பொய் என்று டாக்டரிடம் அப்போதே சொல்லிவிட்டேன். "நல்ல வேளை சொன்னீங்க" என்றார் அவர். மயக்க மருந்து ஏறும்போது பத்திலிருந்து கீழே எண்ணச் சொன்னார்கள். ஏழு வரை நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது வயிறு பலூனாக உப்பியிருந்தது. "காத்து உள்ள விட்டுத்தான் பாப்பாங்க. வெக்கப்படாம விட்டுருங்கம்மா, இந்த ரூம்ல எல்லாரும் அதத்தான் பண்றாங்க" என்றாள் நர்ஸ். இருபத்தாறு வருஷ அரசாங்க உத்தியோகத்தில் இப்படி ஒரு அனுமதியை யாரும் எனக்குத் தந்ததில்லை.

டாக்டர் வந்து, இரண்டு சிறிய சதை வளர்ச்சிகள் இருந்ததாகவும், அப்போதே கத்தரித்து எடுத்து ஆய்வுக்கு அனுப்பியிருப்பதாகவும் சொன்னார். பார்த்தவரை பயப்படும்படி இல்லை. விட்டிருந்தால் பல வருஷத்தில் வேறு மாதிரி ஆகியிருக்கலாம். பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "அப்பாவுக்கு இருந்திருக்குன்னா நீங்களும் பாத்துக்கணும்மா."

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றாள் அக்கா, சட்டென்று.

இரண்டு மணி நேரம் கழித்து உடை மாற்றிக்கொண்டு வந்தேன். வாசல் பக்கத்துக் கடையில் அக்கா ஏதோ வாங்கிக்கொண்டிருந்தாள். திரும்பியவள் கையில் ஒரு சிவப்புக் கலர் பாட்டில்.

"இந்தா. இனிமே குடிக்கலாம்ல?"

மனசு நிறைந்து கையை நீட்டினேன். பாட்டில் சில்லென்றிருந்தது. அவள் அதை விடவில்லை.

"டாக்டர் சொன்னத எம்பிள்ளைங்ககிட்ட சொல்லாதடி. சும்மா பயப்படும். எனக்கு அது வெறும் பீட்ரூட்டு. ரத்தம் ஊறட்டும்னு தெனமும் சாப்பிடறேன், அதான்."

"எது பீட்ரூட்டு?"

அக்கா நாங்கள் இருவரும் பிடித்திருந்த பாட்டிலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ரத்தம் கம்மி, மூச்சு வாங்கல், மெலிந்த தோள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. என் வாய் தானாக அதன் வேலையைச் செய்தது.

"எப்போலேருந்து? என்ன நிறம்?"

"நாலு மாசமா" என்றாள் அக்கா, ஐம்பதைத் தாண்டிய முகத்தில் பள்ளிக்கூடப் பிள்ளையின் விழியோடு. "தானா சரியாயிடும்னு..."

நான் திட்டவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து, வந்த வழியே திரும்ப இழுத்துக்கொண்டு போனேன். திறக்காத பாட்டிலை நர்ஸின் மேசைமேல் வைத்தேன்.

"இன்னொரு ஃபாரம் குடுங்க" என்றேன். "எங்கக்காவுக்கு."