வினோலியாவுக்கு வந்த பல்வலி

முதல் இரண்டு கர்ப்பமும் ஐந்தாம் மாதத்தில் வலிகூட இல்லாமல் நழுவிப் போயிருந்ததால், மூன்றாவது தங்கியபோது வினோலியா யாரிடமும் மூச்சுவிடவில்லை. கணவன் பெனோவுக்கும் மாமியார் மதலேனம்மாளுக்கும் மட்டும் தெரியும். போன தடவை துக்கம் விசாரிக்க வந்தவர்கள், எந்தக் குடத்தைத் தூக்கினாள், எந்தப் படியில் ஏறினாள் என்று வக்கீல் மாதிரி துருவிவிட்டுப் போயிருந்தார்கள்.

கோவில்பட்டி டாக்டரம்மா ஸ்கேன் பார்த்தார். "கர்ப்பப்பை வாய் பலமில்லாம இருக்கு. பிள்ளை கனம் ஏற ஏற அது தானாத் திறந்துக்கிடுது. உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்றார். வினோலியா அந்தக் கடைசி வார்த்தையை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். மூன்றாம் மாதம் முடிந்ததும் டாக்டரம்மா அந்த வாயைச் சுருக்குப்பை போல இழுத்துத் தையல் போட்டார். பாரம் தூக்கக் கூடாது, பஸ்ஸில் குலுங்கக் கூடாது, கூடுமானவரை படுத்திருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாளே கழுகுமலையிலிருந்து மதலேனம்மாளின் தங்கை பேபி, பெனோவுக்குப் போன் போட்டாள். அவன் மணியாச்சியில் தண்டவாள வேலையில் இருந்தான்.

"வினோலியாவ ஆஸ்பத்திரில பார்த்ததாச் சொல்லுதாவ. என்னலே ஆச்சு?"

"தையல் போட்டிருக்கு சித்தி."

"எங்கன?"

பெனோவுக்குப் பொய் வராது. சுற்றிலும் கூட வேலை பார்க்கும் ஆட்கள் வேறு. முன்பாதியை விழுங்கிவிட்டு, "வாயில" என்றான்.

"கடவாப்பல்லா?"

"ம்."

சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் வினோலியாவின் பல் தெரிந்துவிட்டது. மகனைத் திட்டித் தீர்த்த மதலேனம்மாள், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மருமகளிடம் வந்தாள்.

"ஒரு வகையில நல்லதுதான்ட்டி. வாயில தையல்னா எவளுக்கும் நீ பதில் சொல்ல வேண்டாம்லா."

கொரோனா காலத்து மாஸ்க் ஒன்றைத் தேடி எடுத்து மாட்டிவிட்டாள். வயிற்றுக்கு மேலே போர்வை.

பார்க்க வந்தவர்களிடம் வினோலியா மாஸ்க்கைத் தொட்டுக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய் குனிந்து பார்த்து, "கன்னம் வீங்கவே இல்லையே" என்றாள்.

"உள்வீக்கம்" என்றாள் மதலேனம்மாள்.

வாய் பேசாதவளுக்குக் காதும் கேட்காது என்று வந்தவர்கள் நினைத்தார்கள் போல. யார் வீட்டில் யார் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது, எவள் கடையில் வாங்கிய அச்சுமுறுக்கைத் தான் சுட்டதாகச் சொன்னது என்று எல்லாவற்றையும் அவள் தலைமாட்டிலேயே பேசினார்கள். அவர்கள் போனதும் வினோலியா ஒவ்வொருவரையும் போல நடித்துக் காட்டுவாள். "சிரிக்க வைக்காதட்டி, தையல் அந்துரும்" என்று மதலேனம்மாள்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

பேபி வாராவாரம் கடலைமிட்டாயோடு வந்தாள். "ஒனக்குத்தான் வாங்குனேன். நமுத்துப்போயிரும்லா" என்று எதிரே உட்கார்ந்து தானே கடித்தாள். மாஸ்க்குக்குள் வினோலியாவுக்கு எச்சில் ஊறியது.

ஐந்தாம் மாதம் பிறந்தது. பயத்தில் அவள் இருமலைக்கூட அடக்கினாள். அப்படி ஒரு நாள் பகலில் மதலேனம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருக்க, பேபி மட்டும் பக்கத்தில் இருந்தாள். மிட்டாயை மென்றுகொண்டே ஜன்னலைப் பார்த்துப் பேசினாள்.

"போன தடவ ஒனக்குப் போனப்ப நான் வரல. வருத்தமா இருந்திருக்கும். வந்தா நான்தான் அதிகமா அழுதிருப்பேன், அதான் வரல. என் மவன் ரிஜோவுக்கு முன்ன எனக்கும் ஒண்ணு இப்படித்தான் போச்சு. தீப்பெட்டி ஆபீஸ்ல நின்னுக்கிட்டு இருக்கும்போதே. அக்காவுக்குக்கூடத் தெரியாது. நீ பேச முடியாமக் கிடக்கேன்னுதான் சொல்லுதேன்."

வினோலியா மாஸ்க்கை இறக்கினாள்.

"பையனா சித்தி, பொண்ணா?"

"பொண்ணு" என்றாள் பேபி. இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. பிறகுதான் மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. "ஏட்டி, நீ பேசுதியே."

வினோலியா போர்வையை விலக்கினாள். பேபி வயிற்றையே பார்த்தாள். விஷயத்தைச் சொன்னபோது, அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது.

"எந்த வாயின்னு அந்தப் பய சொல்ல வேண்டாமா? ஒன் கடவாப்பல்லுக்கு நான் மாதா முன்னால மெழுகுவத்தி ஏத்திக்கிட்டுக் கிடக்கேன்." சொல்லும்போதே கண் நிறைந்தது. கையிலிருந்த பொட்டலத்தை அப்படியே மருமகள் மடியில் போட்டாள்.

அன்று ஊருக்குப் போனவள் துணிமணியோடு திரும்பி வந்தாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "இந்தத் தையலுக்கு வெளிமூச்சு ஆகாது, சீழ் வச்சிரும்" என்று வந்தவர்களை வந்த வழியே அனுப்பினாள். அக்காவை விடத் துணிச்சலாகப் பொய் சொன்னாள். ஏழாம் மாதத்தில், ஸ்கேனுக்குக் காரில் ஏறிய வினோலியாவைப் பேச்சித்தாய் பார்த்துவிட்டாள்.

"ஏக்கா, பல்வலிக்கு வயிறா வீங்கும்?"

"டாக்டர்ட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்று கார் கதவைச் சாத்தினாள் மதலேனம்மாள்.

ஒன்பதாம் மாதம் தையலைப் பிரித்தார்கள். பிரித்த நிமிஷமே பிள்ளை வந்துவிடும் என்று பெனோ லீவு போட்டு, பையும் பிளாஸ்க்குமாக நின்றான். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. இத்தனை மாசம் அவசரப்பட்டுவிடுமோ என்று பயமுறுத்திய பிள்ளை இப்போது அசையமாட்டேன் என்றது. லீவு தீர்ந்து அவன் மணியாச்சிக்குப் போய்விட்டான். அக்காவும் தங்கையும் வினோலியாவை நடுவில் விட்டுத் தெருவில் மேலும் கீழும் நடத்தினார்கள். அந்த நடையில் ஒரு சாயங்காலம் பேபி தன் மகளைப் பற்றி அக்காவிடம் சொன்னாள். மதலேனம்மாள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். தெரு முனைவரை கையை விடவில்லை.

பெண்குழந்தை பிறந்தது. பெனோ கரியும் மண்ணுமாக ஓடி வந்து கையை நீட்டினான். பேபி கொடுக்கவில்லை.

"சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாலே."

கழுவிவிட்டு வந்தான். கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னொரு தடவ கழுவு" என்றாள். அவன் மறுபடி குழாயடிக்குப் போனான். அதுவரைக்கும் பிள்ளை அவள் மடியிலேயே இருந்தது.