போக ஆறு, வரப் பதினாலு

கருங்கடலுக்கு மேலே நகராமல் நிற்கிறது அந்தப் பொம்மை விமானம், முன்னிருக்கையின் முதுகில் பதித்த திரையில், சென்னைக்கு இன்னும் ஏழு மணி நேரம் என்கிறது அதன் கீழே ஒரு வரி, கதிரேசன் கண்ணை மூடுகிறான், மூடினாலும் அப்பாதான், காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம், ஐஸ் பெட்டிக்குள் எப்படிப் படுத்திருப்பார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றியிருப்பார்களா, கழற்றினால் அது அவர் முகமாகவே இருக்காதே, ஒரு தடவை அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம், ஃபிராங்க்பர்ட்டில் ஏறியதும் அம்மாவைக் கூப்பிட்டான், சென்னையில் அப்போது விடிகாலை மூணு மணி, ஏறிட்டேம்மா, நான் வர்ற வரைக்கும் அப்பாவை எடுத்துடாதீங்க, சரிப்பா, நீ பதறாம வா என்றாள், அதற்குள் பணிப்பெண் வந்து போனை அணைக்கச் சொல்லிவிட்டாள்.

இந்தத் தூரத்துக்கு அம்மாவிடம் தனிக் கணக்கு உண்டு, இங்க ரெண்டு மணிக்கு ஏறி அங்க எட்டு மணிக்கு இறங்கிட்டேங்கறே, அங்க பத்து மணிக்கு ஏறினா இங்க நடுராத்திரி ஆயிடுது, போறதுக்கு ஆறு, வர்றதுக்குப் பதினாலா, என்ன பிளேனோ போ, என்று போன தடவை அவன் வந்திருந்தபோது கொளத்தூர் வீட்டுச் சமையலறையில் மாவு பிசைந்தபடி கேட்கிறாள், அங்க மணியே வேறம்மா, எப்படிப் போனாலும் பத்துதான், கடிகாரம் பொய் சொல்லுமாடா, அப்பா சிரிக்கிறார், விடுடா, அவ கணக்கு அவளுக்கு, நாலு வருஷமாக மகன் எட்டிப் பார்க்கவில்லையே என்று கேட்ட அக்கம்பக்கத்தின் வாயை அந்தப் பதினாலை வைத்துத்தான் அவள் அடைத்தாள், வர்ற வழி ரொம்ப நீளம், பாவம் புள்ள என்ன பண்ணுவான்.

இப்போது டாக்ஸி நிற்கிறது, பந்தல் இருக்கிறது, நாற்காலிகள் இருக்கின்றன, கூடம் கழுவிவிட்ட ஈரத்தோடு காலியாகக் கிடக்கிறது, நடுவில் ஒரு விளக்கு மட்டும், சித்தப்பா ஈர வேட்டியோடு ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொள்கிறார், மூணு மணிக்கு ஏறியிருக்கான், பதினாலு மணி நேரம், சாயங்காலம் அஞ்சுக்குத்தான் இறங்குவான், வீடு வர்றதுக்குள்ள இருட்டிடும், இன்னொரு ராத்திரி அவரைப் போட்டு வைக்க வேணாம், எடுத்துடுங்கன்னு அண்ணிதான் சொன்னாங்க, இப்பத்தான் சுடுகாட்டுலேர்ந்து வந்தோம், கொள்ளியை நான் வெச்சேண்டா கதிரு, என்னை மன்னிச்சிடு.

சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா அவனைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், மணி ரெண்டரைதானே ஆகுது, அதுக்குள்ள எப்படிடா வந்தே, எத்தனை தடவை சொன்னேன் என்று அவன் கத்த வாயெடுத்தான், இனி பார்ப்பதற்கு இந்த ஒரு முகம்தான் மிச்சம், காத்து பின்னாலேர்ந்து தள்ளுச்சும்மா, அதான் இன்னிக்கு சீக்கிரம் வந்துடுச்சு, மத்த நாள்லாம் பதினாலுதான் என்றான், அப்ப நான் சொன்னது தப்பில்லையே, இல்லம்மா, இல்லவே இல்ல, அவள் தலையாட்டினாள், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.