திருப்பி வைத்த வாக்குத்தத்தம்

தான் செய்ததை யாரும் பார்க்கவில்லை என்றுதான் பாக்கியம் நினைத்தாள்.

அறுபத்தெட்டாம் வருஷப் புத்தாண்டு, காலை ஆராதனை. கல்லலுக்குப் பக்கத்துச் சின்ன வேதக்கோயிலில் உபதேசியார் வாக்குத்தத்த அட்டைகளைப் பித்தளைத் தட்டில் கவிழ்த்துப் போட்டு நீட்டிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு ஒன்று. அதில் வருகிற வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அந்த வீட்டுக்குக் கொடுக்கிற வாக்கு. எடுத்தது எடுத்ததுதான்.

பாக்கியம் ஜெபம் பண்ணி ஒன்றை எடுத்தாள். ‘சாவின் இருட்டுக்குள்’ என்று கண்ணில் பட்டது. அதற்குமேல் படிக்கவில்லை. புருஷன் மாசிலாமணிக்குத் தோட்டா வைத்துப் பாறை உடைத்துக் கிணறு வெட்டுகிற பிழைப்பு. அவள் வேறு எதை நினைப்பாள், பாவம்! உபதேசியார் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சட்டென்று அதைத் தட்டில் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாள். நீடித்த ஆயுசு தருவேன் என்றிருந்தது.

அடுத்து நின்ற ராகேல், மேலே கிடந்த அதே அட்டையை எடுத்தாள். நிதானமாகப் படித்துக் கண்ணில் ஒற்றி முந்தியில் முடிந்துகொண்டாள். அவள் புருஷன் வேதமுத்து, மாசிலாமணியின் கூட்டாளி. இருவரும் இறங்குவது ஒரே கிணற்றில்தான்.

அன்றிலிருந்து பாக்கியத்துக்குச் சோறு இறங்கவில்லை. நம் வீட்டுச் சாவை அந்த வீட்டுக்குத் தள்ளிவிட்டோமே என்று மனசு அறுத்தது. வெடிச்சத்தம் கேட்கும்போதெல்லாம் வேதமுத்து போய்விட்டான் என்றே நினைத்தாள். ராகேலுக்கு வயிறு வேறு மேடிட்டு வந்தது.

பங்குனியில் ஒரு காலை, புருஷனுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

“வெடி போட்டதும், வெடிக்காத தோட்டா கெடக்கான்னு யாரு மொதல்ல எறங்கிப் பாக்குறது?”

“நானும் அவனும் மாத்தி மாத்தி. இன்னைக்கு அவன் முறை.”

“இனிமே நீங்களே எறங்குங்க. அந்தப் புள்ள வாயும் வயிறுமா இருக்கா.”

“இதென்னடி புதுசா இருக்கு?”

“நமக்குத்தான் நீடிச்ச ஆயுசுன்னு வாக்கு வந்திருக்குல்ல. ஒங்களுக்கு ஒண்ணும் வராது.”

மாசிலாமணி சிரித்துக்கொண்டே போனான். அவளுக்கும் அன்றுதான் நெஞ்சு லேசாக இருந்தது. ஆண்டவருக்குப் பரிகாரம் செய்துவிட்டாளாம், கூறுகெட்டவள்!

உச்சிப்பொழுதில் கண்மாய்க்கு அங்குட்டு வழக்கமான வெடிச்சத்தம் கேட்டது. வெந்த சோற்றை வடிக்கச் சாய்த்தாள். சற்றுப் பொறுத்துத் தனியாக இன்னொரு வெடி கேட்டது. ஆள் இறங்கிப் பார்க்கிற நேரத்தில் அப்படி ஒன்று கேட்கவே கூடாது. சாய்த்த பானையைப் பிடித்தபடியே நின்றாள்.

வாசலில் வந்து நின்றவன் வேதமுத்து. மேலெல்லாம் செம்மண். அவனைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“எம் முறை மதினி,” என்றான் அவன். “அண்ணந்தான் விடல.”

அடக்கம் முடிந்து சனம் கலைந்த பிறகு ராகேல் வந்தாள். முந்தியை அவிழ்த்து அந்த அட்டையை நீட்டினாள்.

“நீங்க திருப்பி வச்சதை அன்னைக்கே பாத்தேங்க்கா. இது ஒங்களுக்கு வந்தது.”

“தெரிஞ்சுமா எடுத்த?”

“நீங்க பாதியில வச்சுட்டீக. நான் கடைசி வரைக்கும் படிச்சேன். எனக்குப் பயமா இல்ல.”

பாக்கியம் முதல் தடவையாக முழுசும் படித்தாள். சாவின் இருட்டுக்குள் நீ நடந்தாலும் உன் கூடவே வருவேன் என்றிருந்தது.

“ஆண்டவர் கெணத்துக்குள்ளயும் அவுக கூட எறங்கியிருப்பாரா ராகேலு?”

ராகேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை பாக்கியம் அட்டையைத் திருப்பி வைக்கவில்லை.