முற்றத்துத் தண்ணீர்

பொறியியலாளர் கஜந்தினி மூன்றாவது தடவையாகவும் கையெழுத்துப் போட மறுத்தாள்.

மேசையில் கிடந்தது தொழிற்சாலையின் மழைநீர்த் திட்டம். புத்தூரில் இரும்புக் கேற்றுக் கதவும் கூரைச் சட்டமும் செய்யும் இடம் அது. முதலாளி தியாகராசாவுக்கு அந்தத் திட்டத்தில் பெருமை தாளவில்லை. போன மாரியில் முற்றத்தில் முழங்கால் அளவுக்கு வெள்ளம் நின்றது. மேசன் ஒருவன் சொன்னபடி மூலையில் கிடந்த பாழ்கிணற்றுக்கு வாய்க்கால் வெட்டிவிட்டார். எவ்வளவு வெள்ளம் வந்தாலும் அரை மணித்தியாலத்தில் கிணறு விழுங்கிவிடும். ஊரே மெச்சியது. மழைத் தண்ணீரை நிலத்துக்குக் கொடுப்பது புண்ணியம் அல்லவா?

கூரைத் தண்ணீரென்றால் புண்ணியந்தான். முற்றத்துத் தண்ணீரில் மெஷின் எண்ணெயும் இரும்புத் தூளும் பெயின்ற் தூரிகை கழுவிய தின்னரும் அல்லவா ஓடின!

"மண் வடிகட்டிப்போடும் பிள்ளை," என்றார் தியாகராசா. "நாளைக்குப் பிரதேச சபை அனுமதிக்குக் குடுக்கவேணும். கையெழுத்தைப் போடும்."

"எங்கை சேர் மண்? நாலடிக்குக் கீழை சுண்ணக்கல்லு, முழுக்க ஓட்டை. அவ்வளவு தண்ணியும் அரை மணித்தியாலத்திலை இறங்குதெண்டால் அது வடியேல்லை, ஓடுது. மதிலுக்கு அங்காலை சீவரத்தினம் அண்ணையின்ரை கிணறு. குடிக்கிறதும் அதிலை, வெங்காயத்துக்கு இறைக்கிறதும் அதிலை."

"கொப்பரும் தோட்டந்தானே? அதுதான் வெங்காயத்துக்குக் கண்ணீர் விடுறீர்."

அவளுக்கு முகம் கொதித்தது. "ஓம், தோட்டக்காரன்ரை மகள்தான். எங்கடை வீட்டிலை கம்பஸ் வாசல் மிதிச்ச முதல் ஆள். இதுக்குக் கையெழுத்துப் போட நான் படிக்கேல்லை."

"போடாட்டி வேறை ஆளைப் பாக்கிறன்."

அந்த நேரத்தில் தேநீர் போடும் ஜெயகௌரி பிளேன்ரீயோடு வந்தாள். கோப்பையை வைத்தபடியே முறையிட்டாள்.

"ஐயா, இந்தமுறையும் தேயிலையை மாத்திப்போட்டன். என்ன செய்தாலும் மேலை ஆடை படருது. முந்தநாள் மழைக்குப் பிறகு இன்னும் மோசம். கேத்திலைத் தேய்ச்சே என்ரை கை போச்சு."

பால் விடாத தேநீரில் ஏது ஆடை? கஜந்தினி கோப்பையை எட்டி எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நீலமும் ஊதாவுமாய் எண்ணெய்ப் படலம் மின்னியது.

"அக்கா, எங்கை தண்ணி அள்ளுறனீங்கள்?"

"வேறை எங்கை? கன்ரீன் கிணத்திலைதான்."

கன்ரீன் கிணற்றுக்கும் பாழ்கிணற்றுக்கும் நடுவே அறுபது அடி இருக்காது. கஜந்தினி கோப்பையைத் தியாகராசாவின் முன்னால் நகர்த்தினாள்.

"குடியுங்கோ சேர். மண் வடிகட்டினதுதானே."

அவர் கோப்பையைத் தொடவில்லை. காலையில் குடித்த இரண்டு கோப்பையும் ஞாபகம் வந்திருக்கவேண்டும், தொண்டையைத் தடவினார்.

"என்ன செய்யவேணும்? சொல்லும்."

"அந்த வாய்க்காலை இப்பவே அடைக்கவேணும். கூரைத் தண்ணியைத் தனிப் பீலி வைச்சுக் குழாயாலை இறக்கவேணும். முற்றத்துத் தண்ணி தொட்டியிலை தேங்கி, எண்ணெயை வழிச்செடுத்த பிறகுதான் வெளியிலை போகலாம். பெயின்ற் வேலை முழுக்கக் கூரைக்குக் கீழை."

"அதுவரைக்கும் முற்றத்திலை வெள்ளம் நிக்குமே!"

"நிக்கட்டும்."

"அப்ப கையெழுத்து?"

"தொட்டி கட்டி முடியட்டும், போடுறன். முதல் நீங்கள் சீவரத்தினம் அண்ணையிட்டைப் போய், கிணத்துத் தண்ணியைக் குடிக்கவேண்டாமெண்டு சொல்லுங்கோ. அந்த வீட்டுக்குத் தண்ணி பவுசர் லொறியும் அனுப்புங்கோ."

"நீர் போய்ச் சொல்லுமன்."

"வாய்க்கால் வெட்டினது நானில்லை, சேர்."

வெளியே தூறல் விழத் தொடங்கியது. தியாகராசா குடையைத் தேடி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் படலைப் பக்கம் நடந்தார். கஜந்தினி வாசலில் கிடந்த மண்மூட்டை ஒன்றைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வாய்க்கால் வாயை அடைக்கப் போனாள்.