முன்கூட்டித் தைத்த மெத்தை

மீன்பிடித் தடைக்காலத்தில் திருவொற்றியூர் குப்பத்து ஆண்கள் என்ன செய்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். பாதிப் பேர் வலை பழுது பார்ப்பார்கள், பாதிப் பேர் சீட்டாடுவார்கள், எல்லாருமே பெண்டாட்டியிடம் திட்டு வாங்குவார்கள். விசைப்படகு டிரைவர் தாமோதரன் மட்டும் இந்த வருஷம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார். பட்டப்பகலில் கதவைச் சாத்தினால் தெரு பொறுக்குமா? மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அப்பாவு, தீப்பெட்டி கேட்கிற சாக்கில் தலையை உள்ளே நீட்டிவிட்டார்.

தரையில் பழைய வேட்டிகளையும் நூல் புடவைகளையும் அடுக்கிப் பரப்பி, மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஐம்பத்தைந்து வயசு மனுஷன் ஊசி நூலோடு குனிந்திருந்தார்.

"இன்னா மாமு, டைலர் கடை போட்டுட்டியா?"

"பேரப்புள்ளைக்கு மெத்த."

"புள்ள பொறந்துட்ச்சா? சொல்லவே இல்ல."

"ஜூலைல பொறக்கும்."

அப்பாவுவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தீப்பெட்டியை மறந்துவிட்டுத் திரும்பினார்.

பிறக்காத பிள்ளைக்கு ஒரு முழம் துணி வாங்கக் கூடாது, ஒரு தையல் போடக் கூடாது. பிறந்த பிறகுதான் எல்லாம். அப்போதும் முதலில் மேலே படுவது பழந்துணியாகத்தான் இருக்க வேண்டும், கடைத்துணி ஆகாது. இதில் குப்பத்துக்கும் சம்பந்தி வீடு இருக்கிற வண்ணாரப்பேட்டைக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. தாமோதரனின் மகள் அம்முவுக்கோ போன வருஷம் ஐந்தாம் மாதத்தில் ஒன்று கலைந்திருந்தது. இப்போது எட்டாவது மாதம். அலைச்சல் ஆகாது என்று டாக்டர் சொன்னதால், பிறந்த வீட்டுக்கு வராமல் வண்ணாரப்பேட்டையில் மாமியார் வீட்டிலேயே படுத்துக் கிடந்தாள்.

இதெல்லாம் தெரிந்தே தாமோதரன் தைத்தார். அவர் கணக்கு வேறு. ஜூன் பாதியில் தடை முடியும். படகு ஏறினால் கரை திரும்பப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். பிள்ளை பிறக்கும்போது தான் எந்தத் தண்ணீரில் இருப்போமோ, அதற்குள் கையால் ஒன்று செய்து வைத்துவிட வேண்டும். "சீசனுக்கு முன்னாடி வல பின்னி வெக்கல? அத்த மாதிரிதான்," என்று மனைவி குப்பம்மாவிடம் சொன்னார். குப்பம்மா அதற்குப் பிறகு இரண்டு நாள் அவருக்குக் குழம்பு ஊற்றவில்லை.

தைத்த விதமும் ஒரு தினுசு. மனுஷனுக்கு ஓட்டுத் தையல் வராது. வலையில் ஒரு கண் அறுந்தால் அடுத்த கண் பிரியாமலிருக்க முடிச்சு போடுவார்களே, அதேபோல ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு. இந்த மெத்தையில் பிள்ளை படுக்குமா, சுறா படுக்குமா என்று தெரு கேட்டது. அவர் முகம் கொடுக்கவில்லை.

சம்பந்தியம்மா ராமசெல்விக்கு யார் சொன்னது என்று விசாரித்தால் பதினொரு பேர் தேறுவார்கள். மே கடைசியில் ஒரு நாள், பகல் பதினொரு மணிக்கு, அவரே ஆட்டோவில் வந்து இறங்கினார். சாத்தாங்காட்டில் இரும்பு வியாபாரம் செய்கிற உச்சிமாகாளியின் மனைவி. திருநெல்வேலிப் பக்கம். குரலை உயர்த்தாமலேயே எதிராளியை உட்காரவைக்கிற ரகம்.

"அண்ணாச்சி, அத எடுங்க, பாக்கணும்."

தாமோதரன் எடுத்து வைத்தார். ஏழு அடுக்கு. ராமசெல்வி விரலால்கூடத் தொடவில்லை.

"போன வருஷம் நான் அவள ஆஸ்பத்திரில இருந்து கூட்டிட்டு வந்தப்ப வயித்தப் பிடிச்சுக்கிட்டே வந்தா. நீங்க அப்ப கடல்ல. உங்களுக்குத் தெரியாது. இத இப்பவே பிரிச்சுப் போட்டுருங்க."

"துணிதானே, சம்பந்தியம்மா. பழைய துணிய அடுக்கி வெச்சிகீறேன். வேற ஒன்னியும் இல்ல."

"துணின்னா ஏன் கதவச் சாத்திட்டுத் தச்சீய?"

தாமோதரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாசலில் ஆறேழு பேர் கூடிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ராமசெல்வியின் போன் அடித்தது. மகன் பிரகாஷ். அம்முவுக்கு ரத்தப்போக்கு, ராயபுரம் பக்கத்துப் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருக்கிறான்.

எல்லாரும் மெத்தையைப் பார்த்தார்கள், பிறகு தாமோதரனைப் பார்த்தார்கள். குப்பம்மா கட்டியிருந்த புடவையோடு ஓடி, தெருமுனையில் நின்ற சௌக்கத் அலியின் ஆட்டோவில் ஏறினாள். ராமசெல்வி ஏறும் முன் திரும்பினார்.

"நாங்க போய்ச் சேருறதுக்குள்ள அது பிரிஞ்சு கிடக்கணும்."

ஆட்டோ போனது. தாமோதரன் இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாதவர் என்று பெயர் வாங்கியவர். அவரே எழுந்து, சவரப் பிளேடை எடுத்துக்கொண்டு வந்து, முதல் முடிச்சை அறுத்தார்.

ஒரு முடிச்சை அறுத்தால் ஒரு தையல்தான் விட்டது. சாதாரணத் தையலாக இருந்தால் நூலின் ஒரு முனையை இழுத்தால் போதும். இதுவோ ஒவ்வொன்றாக அறுக்க வேண்டியிருந்தது. துணியும் கிழியக் கூடாது. இரண்டாவது அடுக்கு கழன்றபோது குப்பம்மாவின் போன் வந்தது.

"ஆப்ரேசன்றாங்கய்யா. மாப்பிள்ள கையெழுத்து போட்டுட்டாரு. பிரிச்சிட்டியா?"

"பிரிச்சிகினு கீறேன்."

"இன்னும் இன்னாத்த பிரிக்கிற நீ?"

"முடிச்சுமே. ஒன்னொன்னுத்துக்கும் முடிச்சு."

குப்பம்மா அழுதாளா, திட்டினாளா என்று தெரியவில்லை. கட்டாகிவிட்டது. விரல் வியர்த்து பிளேடு வழுக்கியது. கட்டைவிரலில் கீறி ரத்தம் வந்தது. துணியில் படாமலிருக்க விரலை வாயில் வைத்துக்கொண்டு, இடது கையால் அறுத்தார். அப்பாவு கதவருகே வந்து, "நானும் ஒரு பக்கம் புடிக்கட்டா மாமு?" என்றார். "வாணாம். நான் போட்டது, நானே எடுக்கறேன்." ஐந்தாவது அடுக்கு கழன்றது. இன்னும் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன.

போன்.

"பொண்ணு," என்றாள் குப்பம்மா. "ஒன்னேமுக்கால் கிலோ. மூச்சு நல்லா கீதாம். அம்முவும் நல்லா கீறா."

தாமோதரன் பிளேடைக் கீழே வைத்தார்.

"யோவ், கீறியா? நர்சம்மா துணி கேக்குது. பழைய துணி. எங்க கையில ஒன்னியும் இல்ல. கடைத்துணி கூடாதுன்னு சம்பந்தியம்மா நிக்கறாங்க. சௌக்கத்து பாய அனுப்பிக்கீறேன், எதுனா எடுத்தா. ஜல்தி வா."

வீட்டில் துவைத்து, காயவைத்து, சுத்தமாக இருந்த பழந்துணி எது என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மற்றதிலெல்லாம் டீசலும் மீனும் நாறும். மெத்தைக்கு வைத்த இந்த ஏழு துணிகளையும்தான் அவர் நான்கு தடவை அலசிப் போட்டிருந்தார். எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் நின்றன. சௌக்கத் அலி இடுக்கில் புகுந்தார், நடைபாதையில் ஏற்றினார், ஒரு போலீஸ்காரரிடம் "பிரசவம் சார்" என்று பின்சீட்டைக் காட்டினார். போலீஸ்காரர் அங்கே உட்கார்ந்திருந்த மீசைக்காரத் தாமோதரனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

வார்டு வாசலில் ராமசெல்விதான் பையை வாங்கிப் பிரித்தார். ஒற்றை ஒற்றையாக ஐந்து துணிகள். அடியில், ஒட்டியபடியே இரண்டு.

"இது என்னது?"

"அதேதான். முழுசா முடியல. அதுக்குள்ள பொறந்துட்ச்சி."

குப்பம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ராமசெல்வி அந்தத் துணிகளை அப்படியே திருப்பிக் கொடுத்தாலும் தான் வாய் திறக்கப்போவதில்லை என்று தாமோதரனுக்குத் தெரிந்தது. தன் கைபட்ட நூல் ஒன்றுகூடப் பேத்தியின் மேல் படாமல் போகலாம். படாமலே போகட்டும், மூச்சு நன்றாக இருந்தால் சரி.

உள்ளேயிருந்து நர்ஸ் வந்தார். "எவ்ளோ நேரம்மா? எடை கம்மியான குழந்த, சூடு வேணும். ஒத்தத் துணி பத்தாது. அந்த ரெட்டையா இருக்கறதக் குடுங்க."

நர்ஸ் அதைக் கையில் எடுத்தும்விட்டார்.

"ஒரு நிமிஷம்," என்று ராமசெல்வி திரும்பப் பிடுங்கிக்கொண்டார்.

தாமோதரன் தரையைப் பார்த்தார். ராமசெல்வி துணியின் மேல் விரலை ஓட்டினார். ஒரு முடிச்சு, இன்னொரு முடிச்சு, வரிசையாக. பிறகு முடிச்சுப் பக்கம் வெளியே வரும்படி துணியைத் திருப்பி மடித்து, நர்ஸின் கையில் வைத்தார்.

"உள்பக்கம் இருந்தா பிள்ளைக்குக் குத்தும்," என்றார். கதவு மூடியதும் தாமோதரன் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, யார் கேட்டாலும் முழுசாப் பிரிச்சாச்சுன்னுதான் சொல்லணும். கேட்டீயளா?"

"சரி சம்பந்தியம்மா."

வாடகை வாங்குவதற்காகச் சௌக்கத் அலி அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்ததை இருவரும் கவனிக்கவில்லை.